மழைக்கு ஒதுங்கும் இடம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

படிக்காதவரை ஏளனம் செய்ய நம்மிடையே ஒரு வழக்கு உண்டு. "மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன்" என்பார்கள். சொல்பவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். கேட்பவருக்குத்தான் சுருக்கென்று தைக்கும். என் குடும்பத்தில் எனக்கு முன் கல்லூரிப் படியை மிதித்தவர் எவரும் இல்லை. ஆகவே என் முன்னோரைக் குறித்து இந்த வழக்கு சொல்லப்படுவதைப் பலமுறை கேட்டே வளர்ந்தேன். அண்மையில் இங்கிலாந்து நாட்டைப் பற்றிய பயண நூல்களைப் படித்தபோது இதே வழக்கு வேறொரு பொருளில் நினைவுக்கு வந்தது. அங்கே மழைக்கு ஒதுங்கும் இடங்களையே பள்ளிக்கூடங்களாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். அதிலும் விந்தை என்னவென்றால், அந்தப் பள்ளிக்கூடங்கள் சிலவற்றில் பாடமாக இருப்பது, பள்ளிக்கூடமே போகாத தொழிலாளிகளின் வாழ்க்கை!

நான் சொல்ல வருவது கார்ன்வால் மாவட்டத்தைப் பற்றி. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலுக்குள் காலை நீட்டிப் படுத்திருப்பது போன்ற நிலம் அது. ஒரு பக்கம் தாமர் ஆறு. மற்ற பக்கமெல்லாம் கடல். 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 5 லட்சத்து 70 ஆயிரம். கடற்கரை ஊர்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1000 மில்லிமீட்டர் மழை. பாட்மின் மேட்டு நிலத்தில் அதைவிட அதிகம். அளவைப் பார்த்தால் இது பெருமழை அன்று. ஆனால் அது பெய்யும் விதம்தான் வேறு. கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாமல், பனியும் தூறலும் கலந்து நாள்முழுதும் நசநசத்துக்கொண்டே இருக்கும். அதற்கு அவ்வூர்க்காரர்கள் 'மிசில்' என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய பழைய கார்னிஷ் மொழியில் மழைக்கு 'க்லாவ்' என்று பெயர். ஆங்கிலத்தின் அடியில் நசுங்கி, ஏறத்தாழ அழிந்தேபோய், பின்பு ஆர்வலர்கள் உயிர்ப்பித்த மொழி அது. மொழிப்பற்றுள்ள நம் நண்பர்கள் அந்த வரலாற்றைத் தனியே படிக்கவேண்டும்.

கார்ன்வாலுக்கு ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். 1859-இல் பொறியாளர் புருனெல் சால்டாஷ் என்னுமிடத்தில் தாமர் ஆற்றின்மேல் இரும்புப் பாலம் கட்டினார். அதன் வழியாக வந்த ரயில் இந்த மாவட்டத்தை இலண்டனோடு இணைத்தது. 1904-இல் 'கார்னிஷ் ரிவியரா' விரைவு ரயில் ஓடத் தொடங்கியது. ரிவியரா என்பது பிரான்சு, இத்தாலி நாடுகளின் வெயில் கொழிக்கும் கடற்கரைக்குரிய பெயர். மழை நாட்டுக்கு வெயில் நாட்டின் பெயரை இரவல் வாங்கி விளம்பரம் செய்தார்கள்! நீலக் கடல், மஞ்சள் மணல், குடை பிடித்த சீமாட்டி இவையே படங்களில் இருந்தன. அந்தக் குடையும் வெயிலுக்குத்தான்.

இந்த விளம்பரத்தை நம்பி வருகிறவர் விடுதி சன்னலைத் திறந்தால் மழை. குழந்தைகள் அழுகின்றன. எங்கே போவது? இதற்காகத்தான் வழிகாட்டி நூல்களில் 'மழை நாட்களுக்கு' என்று தனிப் பகுதி ஒன்று வைத்திருக்கிறார்கள். அந்த நூல்களிலேயே உண்மையான பகுதி இதுதான் என்பது என் கருத்து. வெயில் நாட்களுக்குரிய பக்கங்கள் கடலையும் மணலையும் காட்டுகின்றன. அவை எந்த நாட்டிலும் கிடைக்கும். மழைப் பக்கங்களோ கூரைக்குக் கீழே கூட்டிச் செல்கின்றன. அங்கேதான் அம்மண்ணின் மக்கள் என்ன வேலை செய்து சோறு தின்றார்கள் என்பது தெரிகிறது.

"போகாத ஊருக்கு வழி கேட்பானேன்?" என்று நண்பர்கள் கேட்கலாம். சற்றுப் பொறுங்கள். அந்த ஊருக்கும் நமக்கும் உள்ள உறவைச் சொல்கிறேன். அதற்குமுன் இயற்பியல் மாணவன் என்ற முறையில் மழையைப் பற்றியே ஒரு செய்தி.

கார்ன்வாலின் தொழில் தகரமும் செம்பும் தோண்டுவது. நிலத்தடியில் வேலை செய்பவனுக்கு மேலே மழை பெய்வது தெரியாது. ஆனால் சுரங்கத்துக்குத் தெரியும். பெய்த நீர் பாறைப் பிளவுகளில் ஊறி இறங்கிக் கீழே வந்து நிற்கும். ஆழம் கூடக்கூட நீரும் கூடும். நீரை இறைக்காவிட்டால் சுரங்கம் இல்லை, கூலி இல்லை. அந்த நீரை இறைக்கத்தான் நீராவி எந்திரங்கள் அங்கே வந்து குவிந்தன. கார்ன்வாலில் நிலக்கரி கிடையாது. கடல் கடந்து தென் வேல்சிலிருந்து வரவேண்டும். ஆகவே ஒரு மூட்டை கரியில் எவ்வளவு நீர் இறைக்கலாம் என்பது அங்கே வயிற்றுப் பிரச்சினை. ஜேம்ஸ் வாட்டின் எந்திரம் கரியை மிச்சப்படுத்தியது. மிச்சமான கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கை அவரும் கூட்டாளி போல்டனும் கட்டணமாக வாங்கிக்கொண்டார்கள். 1800-இல் வாட்டின் காப்புரிமை முடிந்ததும் கார்ன்வால் பொறியாளர்கள் தாங்களே புறப்பட்டார்கள். சுரங்க மேலாளர் ஒருவரின் மகனான ரிச்சர்டு டிரெவிதிக் உயர் அழுத்த நீராவியைத் துணிந்து பயன்படுத்தினார். 1801-இல் கேம்போர்ன் ஊரில் சாலையிலேயே நீராவி வண்டி ஓட்டிக் காட்டினார்.

1811 முதல் ஒவ்வொரு எந்திரமும் எவ்வளவு கரிக்கு எவ்வளவு வேலை செய்தது என்று மாதந்தோறும் அச்சிட்டு வெளியிட்டார்கள். எந்தச் சுரங்கத்து எந்திரம் முந்துகிறது என்று போட்டியே நடந்தது. நாம் வெப்ப இயக்கவியல் வகுப்பில் கார்னோவைப் படிக்கிறோம் அல்லவா? அவருடைய நூல் வெளிவந்தது 1824-இல். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எந்திரத்தின் திறனை எண்ணிக் கணக்கெழுதிப் பழகியவர்கள் இந்தச் சுரங்கத்துக்காரர்கள். தேர்வுக்காகக் கார்னோ சுழற்சியை மனப்பாடம் செய்யும் நமக்கு, அந்தத் திறன் என்ற சொல்லின் பின்னால் ஒரு தொழிலாளியின் கூலி நின்றது என்பதை எந்தப் பாடநூலும் சொல்லவில்லை. பூல் என்ற ஊருக்கருகே கிழக்குப் பூல் சுரங்கத்தில் 90 அங்குல உருளை கொண்ட இறைப்பு எந்திரம் ஒன்று இன்றும் நிற்கிறது. 90 அங்குலம் என்றால் ஏழரை அடி. ஓர் ஆள் அதற்குள் நிமிர்ந்து நிற்கலாம். 1954 வரை அது நீர் இறைத்தது. இப்போது தேசிய அறக்கட்டளை அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. மழைக்கு ஒதுங்குகிறவர் போய்ப் பார்க்கும் அந்த எந்திரம் பிறந்ததே மழையால்தான்!

மழை நாள் இடங்களில் என் மனம் முதலில் போய் நிற்பது ஜீவர் சுரங்கத்தில். மாவட்டத்தின் மேற்குக் கோடியில், பெண்டீன் என்ற சிற்றூரில், கடலைப் பார்த்தபடி இருக்கிறது. கடலின் அடியிலும் சுரங்கம் சென்றது. தகரத்தின் விலையைத் தாங்கிப் பிடித்துவந்த பன்னாட்டுத் தகரக் குழு 1985 அக்டோபரில் கையில் பணமில்லாமல் கைவிரித்தது. விலை பாதிக்கும் கீழே போயிற்று. ஜீவர் 1990-இல் மூடப்பட்டது. 1993-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

அங்கே 'ட்ரை' என்று ஒரு கட்டடம் உண்டு. உலர்த்தும் இடம் என்று பொருள். சேறும் நீருமாக மேலே வரும் தொழிலாளர்கள் குளித்து உடைமாற்றும் இடம். கடைசி நாட்களில் அவர்கள் விட்டுச்சென்ற உடைகளும் பூட்ஸுகளும், பெயர் ஒட்டிய பெட்டிகளும் அப்படியே இருக்கின்றன. மழையில் நனைந்து சொட்டச் சொட்ட வரும் பயணி, உலர்த்தும் இடத்துக்குள் நுழைந்து, இன்னொருவன் உலர்த்தப் போட்ட சட்டையைப் பார்க்கிறான். இதற்குமேல் ஒரு காட்சிப் பொருள் எதற்கு? பிறகு பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் கையாலேயே குடைந்த சிறு சுரங்கம் ஒன்றுக்குள் குனிந்து போகவேண்டும். வழிகாட்டிகளில் சிலர் அதே சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். தன் வேலையைத் தானே சொல்லும்போது அவன் காட்சிப் பொருள் ஆவதில்லை. ஆசிரியன் ஆகிறான்.

பக்கத்திலேயே லெவன்ட் சுரங்கம். 1840-ஆம் ஆண்டு எந்திரத்தைப் பழுதுபார்த்து மறுபடி நீராவியில் ஓடச்செய்தார்கள். பார்ப்பவர்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அங்கே 1919 அக்டோபர் 20-ஆம் நாள், தொழிலாளரை மேலும் கீழும் கொண்டுசெல்லும் 'ஆள் ஏற்றி' எந்திரம் அறுந்து 31 பேர் இறந்தார்கள். எந்திரம் ஓடும் அழகைப் பார்ப்பவன் இந்த எண்ணையும் கேட்டுவிட்டுத்தான் வெளியே வரவேண்டும்.

இப்போது உறவுக்கு வருகிறேன். உலகில் எங்கே ஆழமான குழி இருந்தாலும் அதன் அடியில் ஒரு கார்ன்வால்காரன் இருப்பான் என்று ஒரு பேச்சு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் செம்பு விலை வீழ்ந்ததும் அவர்கள் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா என்று கப்பலேறினார்கள். அப்படி வந்து இறங்கிய இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல். 1880-இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற இலண்டன் நிறுவனம் அங்கே பொறுப்பேற்றது; அதே குடும்பம்தான் முன்பு கார்ன்வாலில் செம்புச் சுரங்கங்களை நடத்தியது. மேற்பார்வைக்குக் கார்ன்வால்காரர்கள் வந்தார்கள். பாறையை உடைக்கவும் அள்ளவும் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள் போனார்கள். அவர்களில் என் தாத்தாவின் தகப்பனாரும் ஒருவர். பிறகு என் தாத்தா. எங்கள் வீட்டில் 'கேப்டன்' என்றால் பட்டாளத்துக்காரர் அல்லர், சுரங்கத்து மேலாள். சின்ன வயதில் எனக்கு இது புரிந்ததில்லை. சுரங்க மேற்பார்வையாளரைக் கேப்டன் என்பது கார்ன்வால் வழக்கம் என்று படித்தபோதுதான் அந்தச் சொல் எங்கிருந்து கப்பலேறி எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தது என்று விளங்கியது.

சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. இயற்பியல் மாணவர்கள் அறியவேண்டிய இன்னொரு செய்தி: 1965-இல் காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ துகள்களை முதன்முதலில் கண்டறிந்த இரு குழுக்களில் ஒன்று, டாடா ஆராய்ச்சி நிறுவனம் ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளோடு சேர்ந்து இங்கே பூமிக்கடியில் நடத்திய குழு. மற்றொன்று தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் நடந்தது. பாறையைத் தோண்டி அவ்வளவு ஆழத்துக்கு வழி செய்தவர்கள் இல்லாமல் எந்த விஞ்ஞானியும் அங்கே இறங்கியிருக்க முடியாது. கோலார் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. கீழே நீர் நிறைந்தது.

கார்ன்வாலின் சுரங்கப் பகுதிகளுக்கு 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதி தந்தது. அவர்கள் தொழில்நுட்பம் கடல் கடந்து பரவியதும் அதற்கு ஒரு காரணம். தகுதி பொருத்தமானதே, எனக்கு அதில் மாறுபாடு இல்லை. ஆனால் ஒன்று கேட்கவேண்டும். கேப்டன்கள் எந்தெந்த நாட்டுக்குப் போனார்கள் என்று ஒரு சுவரில் படம் வரைந்தால், அங்கே யாரோடு வேலை செய்தார்கள் என்பதும் அதே சுவரில் இருக்கவேண்டும். தொழில்நுட்பம் தனியாகக் கப்பலில் போகவில்லை. இறங்கிய இடத்தில் அதைக் கையில் வாங்கிச் செய்துகாட்டியவர்கள் இருந்தார்கள். 'மழைக்குக்கூட ஒதுங்காதவர்கள்' என்று நாம் சிரிக்கிறவர்கள்தாம் அவர்கள்.

எல்லா மழை நாள் இடங்களையும் நான் பாராட்டவில்லை. பாட்மின் ஊரில் 1779-இல் கட்டிய சிறைச்சாலை ஒன்று உண்டு. 1927-இல் சிறை மூடப்பட்டது. இப்போது ஒரு பகுதி விடுதி. மற்றொரு பகுதி பேய்க் கதைகளும் தூக்குமேடையும் காட்டும் பொழுதுபோக்கு இடம். மழை வந்தால் அங்கேயும் கூட்டம். இந்தப் பழக்கம் புதிதன்று என்பதுதான் வேதனை. சுற்றுலா ரயிலின் தந்தை என்று தாமஸ் குக்கைச் சொல்வார்கள். அவருடைய முதல் பயணம் 1841 ஜூலையில். அதற்கு முந்திய ஆண்டு, 1840 ஏப்ரலில், பாட்மின் சிறையில் லைட்புட் சகோதரர்கள் இருவரைத் தூக்கிலிட்டார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே வேட்பிரிட்ஜ் ஊரிலிருந்து மக்களை ஏற்றிக்கொண்டு தனி ரயில் ஓடியது! தூக்குமேடை தெரியும் இடத்தில் வண்டியை நிறுத்தினார்களாம். பயணிகள் இருக்கையை விட்டு எழாமலே பார்த்தார்கள். சிறையின் வரலாறு சொல்லப்படவேண்டியதே. பசிக்குத் திருடியவனுக்கும் அக்காலத்தில் தூக்கு என்பதை இளைஞர்கள் அறியத்தான் வேண்டும். ஆனால் அச்சமூட்டிச் சிரிக்கவைத்துக் காசு வாங்கும்போது நாமும் அந்த 1840 ரயிலில் ஏறிவிடுகிறோம். ஜீவர் சுரங்கத்துச் சட்டைக்கும் பாட்மின் தூக்குக் கயிற்றுக்கும் இடையே கோடு போடத் தெரிந்திருக்கவேண்டும்.

இனி ஈடன் திட்டம். கார்ன்வால் என்றால் இன்று பலரும் முதலில் சொல்வது இதைத்தான். செயின்ட் ஆஸ்டல் ஊருக்கருகே பீங்கான் செய்ய உதவும் வெண்களிமண் தோண்டிக் கைவிட்ட பெரும் பள்ளம் ஒன்று கிடந்தது. டிம் ஸ்மிட் என்பவரின் முயற்சியால் அதற்குள் பெரிய குமிழிகளைப் போன்ற கூடாரங்கள் எழுந்து 2001 மார்ச்சில் திறக்கப்பட்டன. வடிவமைத்தவர் நிக்கலஸ் கிரிம்ஷா. பள்ளத்தின் தரை ஒழுங்கற்றது. சோப்புக் குமிழி எந்தப் பரப்பின்மீதும் படிந்து உட்காரும் என்பதை வைத்து வடிவம் கண்டார்கள். அறுகோணச் சட்டங்களில் கண்ணாடிக்குப் பதில் ஈ.டி.எஃப்.ஈ. என்ற பிளாஸ்டிக் தாள். மூன்றடுக்காக வைத்துக் காற்றடைத்த தலையணை போன்றது. கண்ணாடியின் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அடைபட்ட காற்று வெப்பத்தையும் காக்கிறது. ஒரு கூடாரத்துக்குள் ஐம்பது மீட்டர் உயரத்துக்கு மழைக்காடு! வாழை, ரப்பர், கோகோ, காப்பி, கரும்பு எல்லாம் வளர்கின்றன. பள்ளத்தில் வந்து சேரும் மழைநீரையே பிடித்து உள்ளே பயன்படுத்துகிறார்கள். மழைக்கு அஞ்சி ஓடிவருகிறவன் மழைக்காட்டுக்குள்ளே நுழைந்து வியர்த்து வெளியே வருகிறான். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. மனிதன் தோண்டிப் பாழாக்கிய குழியில் மனிதனே மரம் வைத்திருக்கிறான்.

இயற்கையும் தன் கணக்கை மறந்துவிடவில்லை. 2020 டிசம்பரில் பெய்த கனமழையில் அந்தப் பள்ளத்தின் சரிவுகள் பெயர்ந்து, ஈடனையே மூடவேண்டி வந்தது. இன்னும் கொடியது பாஸ்காசில் ஊரில் நடந்தது. குறுகிய பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் அழகிய துறைமுகச் சிற்றூர் அது. 2004 ஆகஸ்டு 16-ஆம் நாள், விடுமுறைக் கூட்டம் நிறைந்திருந்த பிற்பகலில், மேலேயுள்ள மேட்டு நிலத்தில் சில மணி நேரத்தில் ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஆற்றோரம் நிறுத்தியிருந்த பயணிகளின் கார்கள் பொம்மைகளைப் போல் மிதந்து வந்து கடலில் விழுந்தன. ஹெலிகாப்டர்கள் கூரைகளிலிருந்தும் மரங்களிலிருந்தும் ஏறக்குறைய நூறு பேரைத் தூக்கின. ஓர் உயிர்கூடப் போகவில்லை என்பது வியப்பு. மழை நாளில் போய்ப் பார்க்கும் இடம் என்று பெயர்பெற்ற சூனியக்கலை அருங்காட்சியகத்துக்குள்ளேயே அன்று வெள்ளம் புகுந்தது. மந்திரம் அறிந்தவர்களின் பொருள்களெல்லாம் சேற்றில் கிடந்தன என்று படித்தபோது சிரிப்பதா இரங்குவதா என்று தெரியவில்லை.

பால்மவுத் ஊரின் கடல்சார் அருங்காட்சியகம், செயின்ட் ஐவ்ஸ் ஊரின் டேட் ஓவியக்கூடம் ஆகியவையும் மழைக்கு ஒதுங்க நல்ல இடங்களே. ஆயினும் என் மனம் எந்திரங்களின் பக்கமே சாய்கிறது. ஆகவே பார்த்கர்னோ என்ற சிறு கடற்கரைக்குப் போவோம். 1870-இல் அங்கிருந்து லிஸ்பன், ஜிப்ரால்டர், மால்டா, சூயஸ், ஏடன் வழியாகப் பம்பாய்க்குத் தந்திக் கம்பி இணைப்புக் கிடைத்தது. அடுத்த ஆண்டில் சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கம்பி நீண்டது. கப்பலில் வாரக்கணக்கில் வந்த செய்தி நிமிடங்களில் வரத் தொடங்கியது. அத்தனை தொலைவு கடந்துவரும் மெல்லிய மின்னோட்டத்தை அறியக் கெல்வின் பிரபு கண்ணாடி கால்வனாமீட்டரை அமைத்தார். நம் ஆய்வகத்தில் அளவுகோல்மேல் நடுங்கிக்கொண்டு நகரும் அந்த ஒளிப்பொட்டு, ஒருகாலத்தில் கடலடியிலிருந்து வந்த சொல்! இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சிலிருந்து நிலையத்தைக் காக்க, தகரச் சுரங்கத் தொழிலாளிகளை அழைத்துக் கருங்கல் பாறையைக் குடைந்து அறைகள் அமைத்தார்கள். 1941-இல் வேலை முடிந்தது. இன்று அந்தக் குகையே அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. எங்கே தொட்டாலும் கடைசியில் அந்தச் சுரங்கத்துக்காரனின் கைதான் வருகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு கசப்பான பக்கத்தை மறைப்பது நேர்மையன்று. பிரிட்டனின் தேசிய அருங்காட்சியகங்களில் நிரந்தரக் காட்சிகளைக் காண 2001 டிசம்பர் முதல் கட்டணம் இல்லை. ஆனால் கார்ன்வாலின் இடங்கள் பெரும்பாலும் அறக்கட்டளைகளும் தனியாரும் நடத்துபவை, கட்டணம் உண்டு. ஈடனில் அது குறைவான தொகையும் அன்று. இரண்டு பிள்ளைகளோடு ஒரு கூலிக்காரர் மழைக்கு ஒதுங்க நினைத்தால் முதலில் பையைத் தடவிப் பார்க்கவேண்டும். உள்ளூர்க்காரர்களுக்குச் சலுகை தரும் இடங்கள் இருக்கின்றன. சலுகை வேறு, உரிமை வேறு. தன் பாட்டன் வேலை செய்த சுரங்கத்தைப் பார்க்கப் பேரன் சீட்டு வாங்கவேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பராமரிப்புக்குப் பணம் வேண்டாமா என்று பேராசிரியர் எவரேனும் கேட்பார்கள். வேண்டும்தான். வெளியூர்ப் பயணியிடம் வாங்கட்டும், அரசு கொடுக்கட்டும், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் மழை நாளில் கதவு சும்மா திறக்கட்டும்.

பிள்ளைகள் அந்த ஊரில் இருந்தால்தானே என்பது அடுத்த கேள்வி. சுற்றுலா வேலை கோடையில் பெருகிக் குளிர்காலத்தில் வற்றுவது. நகரத்துச் செல்வர்கள் விடுமுறைக்கென்று வீடு வாங்கிப் பூட்டிவைத்ததால் வீட்டு விலை உள்ளூர் இளைஞனின் கைக்கு எட்டாமல் போயிற்று. செயின்ட் ஐவ்ஸ் மக்கள் 2016-இல் வாக்கெடுப்பு நடத்தி, புதிதாகக் கட்டும் வீடுகளை நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கே விற்கவேண்டும் என்று தீர்மானித்தார்கள். நூற்றுக்கு 83 பேர் ஆதரித்தார்கள். 'சுரங்கத்தை மூடிவிட்டு அருங்காட்சியகம் திறப்பது, சோற்றைப் பிடுங்கிக்கொண்டு இலையைப் படமெடுத்து மாட்டுவது போன்றது' என்று ஒருவர் சொன்னால் அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கார்ன்வாலின் கடைசித் தகரச் சுரங்கமான சவுத் கிராப்டி 1998-இல் மூடப்பட்டது. இன்று மின்னணுப் பொருள்களுக்குத் தகரம் வேண்டுமென்பதால் அதை மறுபடி திறக்க நீரை இறைக்கும் பணி நடந்து வருகிறது. அது திறந்தால் முதலில் மகிழ்பவன் நானாக இருப்பேன்.

ஆனாலும் ஜீவர் போன்ற இடங்கள் வேண்டும் என்றே வாதிடுவேன். சுரங்கம் மூடியது தகர விலையால், அருங்காட்சியகத்தால் அன்று. அருங்காட்சியகம் இல்லாமலிருந்தால் வேலையும் போய், வேலை செய்தவனின் பெயரும் போயிருக்கும். கட்டடங்களை இடித்து இரும்பைப் பழைய விலைக்கு எடைபோட்டிருப்பார்கள். ஒன்றை மட்டும் அவர்கள் விரைந்து செய்யவேண்டும். 1990-இல் இருபது வயதில் கடைசி ஷிப்டு முடித்து மேலே வந்தவருக்கு இன்று ஐம்பத்தைந்தாகிவிட்டது. முதுநிலைத் தொழிலாளிகளாய் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வழிகாட்ட வருபவர் சுரங்கத்தில் இறங்கியறியாத சம்பளக்காரராக மாறும் நாள் தொலைவில் இல்லை. அதற்குள் அவர்களுடைய பேச்சையெல்லாம் பதிந்து வைக்கவேண்டும். எந்த ஷாப்டில் எத்தனை அடியில் தண்ணீர் சூடாக வந்தது, பாறை எப்படிச் சத்தமிட்டால் ஓடவேண்டும் என்பவை எந்த எந்திரத்திலும் எழுதியிருக்கவில்லை. என் தாத்தாவிடம் இத்தகைய செய்திகளைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். நாற்பது பக்கம் வந்திருக்கிறது.

ஜீவரில் வழிகாட்டும் அந்தப் பெரியவர்களிடம் கேட்க என்னிடமும் ஒரு கேள்வி உண்டு. சுரங்கம் மூடிய பிறகும் பம்புகள் ஓடிக்கொண்டிருந்தன. விலை ஏறும், திறப்பார்கள் என்று நம்பியிருந்தார்கள். 1991-இல் அவற்றையும் நிறுத்தினார்கள். நீர் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறியது. அன்று சுவிட்சை அணைத்தவர் யார்? அணைத்துவிட்டு அவர் எங்கே போனார்?